கயிறென்று ஒன்று இல்லை

வள்ளத்தில் கயிறு என்று ஒரு சாமான் கிடையாது என்பார் அவர். முதல்தரம் கேட்பவர்கள் சிரிப்பார்கள். கண்ணுக்கு முன்னால் பத்துப் பதினைந்து கயிறு கிடக்கிறது, இந்த மனிசன் கயிறே இல்லை என்கிறாரே என்று. அவர் சிரிக்கமாட்டார்.

"பாயை மேல ஏத்துறது ஆஞ்சான். ஏத்தின பாயை இழுத்துப் பிடிக்கிறது தாமான். கரையில கட்டுறதுக்கு வேற பேர், நங்கூரத்தில கிடக்கிறதுக்கு வேற பேர். கயிறு எண்டது கடையில விக்கிற சாமான். வள்ளத்துக்குள்ள வந்தால் அதுக்கு ஒரு தொழில் வந்திடும். தொழில் வந்தால் பேரும் வந்திடும்."

இப்படிப்பட்ட ஒரு மனிதரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மறந்துபோய் அல்ல, அவருடைய பெயரும் அப்பன் பெயரும் பட்டப்பெயரும் எனக்குத் தெரியும். ஏன் எழுதவில்லை என்பது போகப்போகத் தெரியும். தெரிந்தபிறகு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள், நான் மறுக்கப்போவதில்லை.

மொன்ட்ரியாலின் மேற்குப் பக்கம், ஏரியோரத்தில், படகுகளைப் பராமரிக்கிற ஒரு யாட்டில் அவர் வேலை செய்தார். இங்கே பனி தொடங்குமுன் படகுகளைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் நிறுத்தி, பாய்மரத்தைக் கழற்றி, வெள்ளைப் பிளாஸ்டிக்கால் போர்த்திக் கட்டிவிடுவார்கள். வசந்தம் வந்ததும் போர்வையைக் கிழித்து, அடிப்பக்கம் கழுவி, மரத்தை நட்டு, திரும்ப இறக்க வேண்டும். கோட்-டெ-நெய்ஜில் ஒரு மூன்றாம் மாடி அறையிலிருந்து மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும் பிடித்து அந்த வேலைக்குப் போய்வந்தார். கட்டையான ஆள். பாதம் இரண்டும் அகலம், எந்தச் சப்பாத்தும் அவருக்குச் சரிவராது. குளிர்காலத்தில்கூட நின்ற நிலையில் கன்னத்தை அப்படியும் இப்படியும் திருப்பி, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறுவார்.

பிரெஞ்சில் அவருக்கு 'பொன்ஜூர்', 'மெர்சி' தவிர உருப்படியாக ஒன்றும் வராது. ஆனால் படகில் உள்ள அத்தனைக்கும் பிரெஞ்சுப் பெயர் ஒரே மாதத்தில் பாடமாக்கிவிட்டார். "பாபோர், திரிபோர் எண்டு வைச்சிருக்கிறாங்கள். அணியத்தைப் பாத்துக்கொண்டு நிண்டால் இடக்கைப் பக்கம் பாபோர், வலக்கைப் பக்கம் திரிபோர். நல்ல ஏற்பாடு" என்பார். முன்பக்கத்துக்குத்தான் அணியம் என்று பெயர். இடம் வலம் என்று சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று ஒருவர் கேட்டபோது அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது.

"நீங்கள் மற்றப் பக்கம் திரும்பி நிண்டால் உங்கட இடம் வலமாப் போயிடும். வள்ளம் அப்பிடித் திரும்பாது. மனிசன் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாறாத ஒரு பேர் வேணும்."

மொன்ட்ரியாலோடு அவருக்கு ஒரு தீராத வழக்கு இருந்தது. இந்த நகரத்தில் தெருப் பலகைகளில் வடக்கு என்று போட்டிருப்பது உண்மையான வடக்கு அல்ல, வடமேற்கு. ஆற்றின் வளைவைப் பார்த்து எவரோ வைத்த திசைகள் அப்படியே நின்றுவிட்டன. மொன்ட்ரியால்-நோரில் ஒரு வீட்டுக்கு வழி கேட்டுப் போய்க் குழம்பியவர், அன்றிலிருந்து வழி சொல்பவர்களோடெல்லாம் மல்லுக்கு நிற்பார். "காலமை எழும்பிப் பாருங்கோ சூரியன் எங்க நிக்குதெண்டு. இவங்கட கணக்குக்கு மார்கழியில சூரியன் தெற்கால உதிக்குது. முழு ஊரும் சேந்து பிழையான பேரைச் சொல்லிக்கொண்டிருக்கு, ஒருத்தருக்கும் வெக்கமில்லை!" அவர் தன்பாட்டுக்குக் காற்றின் பெயரால் வழி சொல்வார். ஜான்-டலோன் சந்தைக்கு வழி கேட்ட ஒரு அக்காவிடம், "மெட்ரோவால வெளிக்கிட்டுச் சோழகப் பக்கமா நடவுங்கோ" என்றார். அக்கா முழித்தார். சோழகம் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று. பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரியும். ஆனால் நானும் அக்காவைப் போலவே தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

எனக்கு ஏன் தெரியும், ஏன் சொறிந்தேன் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எங்கள் ஆட்கள் புதிதாக ஒருவரைக் கண்டால் முதலில் கேட்பது, "ஊரில எந்தப் பக்கம்?" கேட்பவருக்கு வேண்டியது ஊரின் பெயர் அல்ல. சந்திக்குக் கிட்டவா, பள்ளிக்கூடத்துக்குக் கிட்டவா, கடற்கரைப் பக்கமா என்று மூன்றாவது கேள்வியில் சாதி கையில் வந்துவிடும். என் மனைவியின் தகப்பன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், என்னிடம் அதைக் கேட்டபோது எனக்கு இருபத்தொன்பது வயது. மகளை விரும்பிக் கட்ட வந்தவன். "டவுன் பக்கம்" என்றேன். அப்பா என்ன செய்தவர் என்றார். "சங்கக்கடை மனேஜர்" என்றேன்.

அப்பா சம்மாட்டி. சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்துப் பத்துப் பேருக்குத் தொழில் கொடுத்த மனிதர். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று இன்றைக்கு எவரும் கேட்கலாம். அன்றைக்கு மாமாவின் வீட்டு சோபாவில் இருந்துகொண்டு நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சண்டையில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்து சிதறிப்போயிருந்தது, விசாரிக்க அங்கே ஒருவரும் இல்லை. ஊரே அழிந்ததைக்கூட என் பொய்க்கு வசதியாக எடுத்துக்கொண்டேன். பிறகு அப்பா இறந்தபோது மரண அறிவித்தலிலும் 'ஓய்வுபெற்ற மனேஜர்' என்று நானே எழுதிக் கொடுத்தேன். வீட்டில் மீன் வெட்டத் தெரியாதவனாக முப்பது வருடம் நடித்தேன். கடைக்காரன் பிழையாக வெட்டும்போது கை துடிக்கும், பேசாமல் நிற்பேன்.

இனி அவரை முதன்முதலில் கண்ட நாள்.

எங்கள் தேவாலயப் பங்கின் மண்டபக் குழுவுக்கு மாமாதான் தலைவர். கோடையில் குடும்பங்களுக்குப் பாய்ப்படகு பழக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆறு ஞாயிறு மண்டபத்தில் பாடம், அதன்பிறகு ஏரியில் பயிற்சி. படகு வாடகைக்குக் கேட்க மாமாவும் நானும் அந்த யாட்டுக்குப் போனோம். மாமா காரைப் பூட்டிக்கொண்டு பின்னால் வந்தார், நான் முன்னால் நடந்தேன். ஒரு படகின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் குழாயை நிற்பாட்டினார். முகம் மலர்ந்துவிட்டது.

"டேய்! நீ சம்மாட்டியின்ர மகனெல்லே?" என்று கேட்டு, அப்பாவின் பெயரையும் சொன்னார்.

எனக்கு அவரைத் தெரிந்தது. அப்பாவின் வள்ளத்தில் பன்னிரண்டு வருடம் ஓடியவர். என்னைவிடப் பத்து வயது மூப்பு. எங்கள் அடுப்படியில் குந்தியிருந்து சாப்பிட்ட ஆள். எனக்குப் பின்னால் சரளைக் கல்லில் மாமாவின் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

"ஆள் மாறிச் சொல்லுறியள் போல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலால், வந்துகொண்டிருந்த மாமாவைப் பார்த்தார். மாமாவின் கோட்டு, சங்கிலி, நடை எல்லாவற்றையும் பார்த்திருப்பார். அதற்கு அவருக்கு மூன்று விநாடி போதும்.

"ஓம், மாறித்தான் போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.

அந்த 'நீ' அன்றோடு போய்விட்டது. அதன்பிறகு, ஏரியில் ஒரேயொரு அவசரத்தைத் தவிர, ஒருநாளும் அவர் என்னை 'நீங்கள்' என்பதைத் தவிர வேறு சொல்லால் கூப்பிடவில்லை, தனியாக இருக்கும்போதும்கூட. தண்ணிக்குழாய்க்குக்கூடச் சரியான பெயர் கேட்டு அடம்பிடிக்கிற மனிதர், எனக்காகப் பிழையான பெயரை ஏற்றுக்கொண்டார். எனக்கு வந்தது நன்றியா என்றால், இல்லை. 'அப்பாடா' என்று இருந்தது. அவ்வளவுதான்.

யாட் முதலாளி அவரையே எங்களுக்குப் பழக்குகிற ஆளாக அனுப்பினார். நான் மருந்துக்கடையில் வேலை செய்தாலும் பங்கின் இதழுக்கு எழுதுபவன் என்பதால், படகுச் சொற்களுக்கு விளக்கம் எழுதி ஒரு சிறு கையேடு தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இரண்டு சனிக்கிழமை அவரோடு யாட்டில் இருந்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னார், நான் ஒன்றும் தெரியாதவனைப் போலக் கேட்டு எழுதினேன். "சுக்கான் எண்டால்?" என்று கேட்டேன். சுக்கான் எண்டால்! ஏழு வயதில் நான் பிடித்துப் பழகிய சுக்கான்.

"திருப்புறதுக்குப் பின்னால இருக்கிற பலகை" என்றார் அவர் பொறுமையாக. "நீங்கள் சுக்கானை ஒரு பக்கம் தள்ளினால் அணியம் மற்றப் பக்கம் போகும். புதுசாப் பழகிற ஆக்கள் எல்லாரும் பிழைவிடுற இடம் உதுதான். எழுதுங்கோ." நான் எழுதினேன்.

மாமா அந்தப் பிரதியை வாங்கிச் சிவப்புப் பேனையோடு இருந்தார். ஆஞ்சான், தாமான், அணியம் எல்லாவற்றையும் வெட்டினார். "உது மீன்பிடிகாரற்ற பாஷை தம்பி. எங்கட பிள்ளையள் உதைப் படிக்கவே? நல்ல தமிழாப் போடும்." பாய் உயர்த்துங் கயிறு, பாய் இழுக்குங் கயிறு, முற்பாகம் என்று போட்டேன். கையேடு வடிவாக அச்சாகி வந்தது. எனக்குச் சொல்லித்தந்தவர் அதை ஒரு மூலையில் நின்று கடைசிப் பக்கம்வரை புரட்டினார்.

"எல்லாம் கயிறாய்ப் போச்சு" என்றார். "காத்துக்குள்ள நிண்டு 'பாய் இழுக்குங் கயிறை இளக்குங்கோ' எண்டு சொல்லி முடிக்கிறதுக்குள்ள வள்ளம் கவிண்டிடும்." அதோடு விட்டுவிட்டார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பாடங்களில் அவர் கையேட்டின் சொற்களைத்தான் சொன்னார். ஆனால் எதை விளக்கினாலும் ஒரு கதை வரும், எல்லாக் கதையும் ஒரே மாதிரித் தொடங்கும். "நான் ஓடின வள்ளத்தில ஒரு சம்மாட்டி இருந்தவர்..." காற்று வரும் பக்கம், காற்றுப் போகும் பக்கம் என்று சொல்லிக்கொடுத்த அன்று, "அந்தச் சம்மாட்டி வள்ளத்துக்குள்ள எச்சில் துப்புறதெண்டாலும் காத்துப் போற பக்கம் பாத்துத்தான் துப்ப விடுவார். பிழைச்சால் துப்பினவன்ர முகத்திலதான் விழும்" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், மாமாவும் சிரித்தார். பாடம் கேட்டவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு அது ஒரு பகிடிக் கதை. பின்வரிசையில் இருந்த எனக்கு அப்பாவின் குரல், தோளில் போடும் துவாய், கோபம் வந்தால் மீசையைக் கடிக்கிற பழக்கம் எல்லாம் வந்தது. அந்த மண்டபத்தில் அப்பாவை ஞாயிறுக்கு ஞாயிறு கொண்டுவந்து எனக்கு முன்னால் நிறுத்தினார் அந்த மனிதர். பெயரை மட்டும் சொல்லவில்லை. உலகத்தில் உள்ள அத்தனைக்கும் பெயர் சொல்லுகிறவர் பெயர் சொல்லாமல் விட்டது என் அப்பா ஒருவரைத்தான். சொன்னால் மாமாவுக்கு விளங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

பயிற்சியின் முதல் நாளன்று ஏரியில் இறங்கினோம். எங்கள் படகில் அவர், மாமா, நான், மூன்றே பேர். மத்தியானம்வரை ஏரி பேசாமல் கிடந்தது. மாமா மிதவைச் சட்டையைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு கையேட்டைப் பார்த்துப் படகின் பாகங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பழக்க வந்த மனிதர் சுக்கானில் இருந்தார். கன்னத்தைத் திருப்பினார். மேற்கே தண்ணீரின் நிறம் கறுத்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. எனக்கும் அது தெரிந்தது.

காற்று அடித்த அடியில் படகு சரிந்தது. மாமா இருந்த பக்கம் விளிம்பால் தண்ணீர் ஏறத் தொடங்கியது. "மாதாவே!" என்று கத்தினார் மாமா.

"தாமானை இளக்கு!" என்றார் அவர்.

கையேட்டில் இல்லாத சொல். என் கை யோசிக்கவில்லை. தாமானைக் கொளுவியிலிருந்து பிடுங்கி ஓட விட்டேன். பாய் காற்றை விட்டுப் படபடத்தது. மற்றக் கையால் மாமாவின் சட்டைக் கழுத்தைப் பிடித்துக் காற்று வரும் பக்கம் இழுத்துப்போட்டு, நானும் அந்த விளிம்பில் குந்தி உடம்பை வெளியே சாய்த்தேன். காற்று கொஞ்சம் விட்டதும் தாமானைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தேன், கையில் சுற்றாமல். புதிதாகப் பழகுகிறவன் கட்டாயம் கையில் சுற்றுவான். விரல் போகும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அடுத்த அடிக்கு முன்பே இளக்கினேன், பிறகு இழுத்தேன். ஐந்தாறு நிமிடம் அவரும் நானும் எங்கள் கடலில் இருந்தோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மொன்ட்ரியாலுக்கு வந்தபிறகு அவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததில்லை.

ஏரி அடங்கியது. மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நன்றியாகப் பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"தம்பி, அந்தச் சொல் நான் வெட்டின சொல்லெல்லே?"

"ஓம் மாமா, எழுதினபடியால் ஞாபகம் இருந்தது."

"சொல்லு ஞாபகம் இருக்கும், சரி. கை எப்பிடிப் பழகினது?"

பதினாறு வருடக் குடும்பம் அந்தக் கேள்வியின் நுனியில் நின்றது போல இருந்தது. சுக்கானிலிருந்து குரல் வந்தது.

"நான்தான் ஐயா பழக்கினனான். ரெண்டு சனிக்கிழமை யாட்டுக்கு வந்தவரெல்லே. ஒண்டுக்குப் பத்துத்தரம் சொல்லிக்குடுக்க வேண்டியிருந்தது. அவருக்குச் சும்மா கை வராது."

அந்தப் பொய்யை அவர் சொன்ன விதம் இருக்கிறதே, அவ்வளவு மோசமாக ஒரு மனிதரால் பொய் சொல்ல முடியாது. என்னையும் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை, பாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பழக்கமில்லாத ஆள், பாவம். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"ஓம் மாமா" என்றேன். "எங்கட ஆக்களுக்கு உதுகள் எங்க பழக்கம்?"

மாமா திருப்தியாகத் தலையை ஆட்டினார். அவர் சுக்கானை மெல்லத் திருப்பினார், படகு கரையைப் பார்த்துப் போனது. அந்த 'எங்கட ஆக்கள்' என்ற சொல்லை நான் சொன்னதை அவர் கேட்டார். கேட்காமல் இருக்க வழியில்லை, நாலு முழத் தூரம்தான்.

பயிற்சி முடிந்த கடைசி ஞாயிறு மண்டபத்தில் சான்றிதழ் கொடுத்து, மத்தியானம் கூழ் காய்ச்சுவதாக ஏற்பாடு. அவர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தார். கூழுக்கு வந்த மீன் வெட்டாமல் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. மாமா கையைக் காட்டினார். "உவர் நிக்கிறார்தானே. கரை ஆள். உவர் வெட்டித் தருவார்." அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னால் குசினிக்குப் போனார்.

நன்றியுரை என்னுடையது. மண்டபம் தந்தவர், படகு தந்தவர், தேத்தண்ணி ஊற்றியவர்கள், கையேட்டை அச்சடித்தவர் என்று எல்லோர் பெயரையும் வாசித்தேன். பழக்கிய மனிதரின் பெயரை வாசிக்கவில்லை. மாமா வெட்டவில்லை, அது என் சொந்த வேலை. பெயரைக் கூப்பிட்டால் மேடைக்கு வருவார், வந்தால் இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள், பேசும்போது 'எந்தப் பக்கம்' என்று எவராவது கேட்பார்கள் என்று பயந்தேன். கையேடு எழுதியதற்கு எனக்கு ஒரு கேடயம் தந்தார்கள். கை தட்டினார்கள்.

கேடயத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். அவர் தனியாக நின்று வெட்டிக்கொண்டிருந்தார். செதில் வெள்ளைச் சட்டை முழுக்க ஒட்டியிருந்தது. கதவு சாத்தியிருந்தது, அவரையும் என்னையும் தவிர ஒருவரும் இல்லை. இப்போதாவது 'நீ' என்று ஒரு சொல் சொல்லமாட்டாரா, ஏசமாட்டாரா என்று நின்றேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு சம்மாட்டி" என்று தொடங்கினார், மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "கடைசிக் காலத்தில கண் தெரியாமல் போச்சு. அப்பிடியும் காலமை வாசலில வந்திருந்து, இண்டைக்கு வாடை, இண்டைக்குக் கச்சான் எண்டு காத்துக்குப் பேர் சொல்லுவார். ஒருநாளும் பிழைச்சதில்லை. மகன் கனடாவில நல்லா இருக்கிறான் எண்டு வாறவை போறவைக்கெல்லாம் சொல்லுவார். செத்த அண்டைக்குப் பெட்டியைத் தூக்க ஒரு பக்கம் ஆள் காணாமல் போச்சு. மகன் நிக்கவேண்டிய பக்கம். என்னைத்தான் விட்டவை."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கும் தெரியும்.

"அப்பிடியா" என்றேன்.

ஊர்பேர் தெரியாத ஒருவன் பஸ் தரிப்பில் சொல்கிற மாதிரி, "அப்பிடியா."

அவர் தலையை ஆட்டினார். கத்தியைக் கழுவினார். பிறகு சட்டெனக் கையை நீட்டி, நான் இன்னும் கிட்ட வராமல் மறித்தார். "நீங்கள் வெளியில போங்கோ. கோட்டில மணம் பிடிச்சிடும். ஆக்கள் கேப்பினம்."

போனேன். கூழ் நல்ல ருசி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.

அடுத்த வசந்தத்தில் யாட்டில் அவர் இல்லை. ஹாலிபக்ஸ் பக்கம் மச்சானோடு போய்விட்டார், கடலில் வேலையாம் என்று அங்கே நின்ற ஒருவர் சொன்னார். தொலைபேசி எண் தரவா என்று கேட்டார். பிறகு வாங்குகிறேன் என்றேன். வாங்கவில்லை.

இந்தக் கோடையில் என் மகள் அதே ஏரியில் பாய்ப்படகு பழகப் போய்வருகிறாள். அன்றைக்கு நாலு வயதில் கூழ் வேண்டாம் என்று அழுதவளுக்கு இப்போது பதினெட்டு. போன கிழமை, பின்னேரம், பிரெஞ்சுச் சொற்கள் நிறைந்த ஒரு தாளோடு சாப்பாட்டு மேசையில் இருந்தாள்.

"அப்பா, பாயை இழுத்துப் பிடிக்கிறதுக்குத் தமிழில என்ன?"

"கயிறுதான்" என்றேன்.

"இல்லை அப்பா. எங்கட மாஸ்டர் முதல் நாளே சொன்னவர், வள்ளத்தில கயிறு எண்டு ஒண்டு இல்லையாம். எல்லாத்துக்கும் ஒரு பேர் இருக்காம்."

அந்த மாஸ்டர் ஒரு கியூபெக்காரப் பெடியன். உலகத்தில் கடலோடுகிறவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் போலிருக்கிறது. நான் கையில் இருந்த கோப்பையை வைத்தேன்.

"தாமான்" என்றேன்.

இங்கிலிஷ் எழுத்தில் அதைத் தாளில் எழுதிக்கொண்டாள். இரண்டுதரம் சொல்லிப் பார்த்தாள், வாய்க்குப் பிடித்திருந்தது. "வடிவான சொல் அப்பா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மாமா இறந்து மூன்று வருடம். மனைவி அடுத்த அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு 'எந்தப் பக்கம்' என்றால் என்னவென்றே தெரியாது, சொன்னால் சிரிப்பாள். பயப்பட ஒரு ஆள்கூட மிச்சமில்லை. என்ர அப்பா ஒரு சம்மாட்டி. நாலே சொல்.

"முந்தி ஒராள் பழக்கினவர்" என்றேன். "ஒண்டுக்குப் பத்துத்தரம் சொல்லித்தர வேண்டியிருந்தது. எனக்குக் கை வராது."

மகள் சிரித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனாள். அவர் எனக்காகச் சொன்ன பொய், பதினாலு வருடம் கழித்தும் புத்தம்புதிதாக இருந்தது.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவருடைய பெயரை இங்கேயும் போடவில்லை. போட்டால் எந்த ஊர் என்று தெரியும், ஊர் தெரிந்தால் நான் யார் என்று தெரியும். மனைவி ஆறு வயதில் இங்கே வந்தவள், மகள் இங்கேயே பிறந்தவள். இரண்டு பேருக்கும் தமிழ் கதைக்க நன்றாக வரும், வாசிக்க வராது. எங்கள் வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் என்னைத் தவிர மாமா ஒருவர்தான் இருந்தார். எனக்குப் பிரெஞ்சிலும் எழுத வரும். தமிழில்தான் எழுதியிருக்கிறேன்.